வலப்பக்கம் இறங்கும் மூன்று புள்ளிகள்

"சி.டி. இல்லாத கிதார் புத்தகம் ஒண்ணு வேணும்" என்றேன்.

நஸீரி மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். பஹாரெஸ்தான் சதுக்கத்தில் வாத்தியக் கடைகளுக்கு நடுவே இசைப் புத்தகம் மட்டும் விற்கிற சின்னக் கடை அவருடையது. மூன்று பேர் உள்ளே நின்றால் நான்காமவர் வாசலில்தான்.

"ஹாஜி கானும், இப்ப வர்ற புத்தகம் எல்லாத்துக்கும் பின்னட்டையில சி.டி. உண்டு. அதுதானே விசேஷம். வாத்தியார் பக்கத்துல உட்கார்ந்து வாசிச்சுக் காட்டற மாதிரி."

"நான் மெக்கா பக்கமே போனதில்ல, ஹாஜி கானும்னு சொல்லாதீங்க. சி.டி. இல்லாததுதான் வேணும். அட்டை கெட்டியா இருக்கக் கூடாது. சுருள் கம்பி போட்டது கூடாது. பொம்பளைங்க படம் இருந்தா தலையில துணி இருக்கணும்."

"கிதார் கத்துக்கப் போறாங்களா, மருமக தேடறாங்களா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்கே கூச்சமாகிவிட்டது. "யாருக்குங்க?" என்று குரலைத் தணித்துக் கேட்டார்.

"என் மகனுக்கு. பட்டாளத்துல இருக்கான். எல்லைக் காவல்."

அதற்கு முன்பே ரொட்டிக் கடையிலும், மாடிவீட்டு அம்மாளிடமும், பல் டாக்டரிடமும் இதையே சொல்லியிருந்தேன். பட்டாளம் என்றால் யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை. எல்லார் வீட்டிலும் ஒரு பையன் போய் வந்திருக்கிறான்.

பர்ஹாம் எனக்கு நாற்பத்தோரு வயதில் பிறந்தவன். அப்பா முகம் தெரியாது. பத்தொன்பது வயதில் சாண்ட்விச் கடை வாசலில் ஒரு தகராறு, யார் கையிலோ இருந்த கத்தி இவன் கைக்கு வந்தது. இன்னொருத்தி பெற்ற பிள்ளைக்கு ஒரு கண் போயிற்று. ஏழு வருஷம் சிறை. உள்ளே போன இரண்டாவது மாதம் பல்பை உடைத்துத் தூள் பண்ணி விழுங்கிவிட்டான். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியவன் நான்கு வியாழக்கிழமைகள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசவில்லை. ஐந்தாவது வியாழன் பேசினான்.

"அம்மா, விரலுக்கு ஏதாவது வேலை வேணும்."

"என்னடா வேணும்? உனக்குப் பலியாப் போறேன், சொல்லு."

"கிதார் புத்தகம்."

"கிதாரை உள்ள விட மாட்டாங்களே."

"புத்தகம்தான் கேட்டேன்."

அதற்காகத்தான் நஸீரி கடைக்குப் போனேன். அவர் மூன்று புத்தகங்களை எடுத்து மேஜையில் வைத்தார்.

"இது மூணு பாகம். பழைய புத்தகம், மெல்லிசு அட்டைதான், படமே இல்ல. ஸ்வரம் படிக்கக் கத்துக்கிட்டு அப்புறம்தான் கையையே வைக்க விடும். என் பையனுக்கு நான் இதைத்தான் கொடுத்தேன். முதல் பாகத்துக்கே ஒரு வருஷம் ஆகும். பொறுமை வேணும்."

"அடுத்தது?"

"இது சி.டி. போட்டது, சுருள் கம்பி. உங்க பட்டாளத்துக்கு ஆகாது. மூணாவது இது. போன வாரம்தான் வந்துச்சு, புதுப் பதிப்பகம். வெளிநாட்டுப் புத்தகத்தை நமக்கு ஏத்த மாதிரி பண்ணியிருக்காங்க. நாற்பது பாடம், எல்லாமே படம். எங்கெங்க புள்ளி இருக்கோ அங்கங்க விரலை வைக்க வேண்டியதுதான். நான் இன்னும் பிரிச்சுப் பார்க்கல, உண்மையைச் சொல்லிடறேன்."

"நீங்களா இருந்தா எதை எடுப்பீங்க?"

"மூணு பாகம். தப்பாப் பழகிட்டா விரலைத் திருத்தறது கஷ்டம் பாருங்க. எழுதின எழுத்தை அழிச்சுடலாம்."

நான் அந்த மூன்று பாகத்தைக் கையில் எடுத்துப் பார்த்தேன். கனமாக இருந்தது. மூன்று பாகத்தைப் பார்த்தால் பிள்ளைக்கு ஏழு வருஷம்தான் ஞாபகம் வரும் என்று தோன்றியது. நாற்பது பாடம் என்றால் ஒரு பாடம் முடிந்தது, இரண்டு முடிந்தது என்று கைக்கு எட்டுகிற மாதிரி இருக்கும்.

"இந்த மூணாவதைக் கொடுங்க."

"எடுத்துட்டுப் போங்க, உங்களுக்குக் கொடுக்கறதுக்கு இதெல்லாம் ஒரு பொருளா?"

"உங்க கை நல்லா இருக்கட்டும், விலை சொல்லுங்க."

"ஐயோ, வேண்டாம்ங்க."

"நஸீரி ஐயா, எனக்குப் பஸ் போயிடும்."

மரியாதைக்கு இரண்டு தடவை மறுத்தாயிற்று, விலையைச் சொன்னார்.

வியாழக்கிழமை சிறைவாசல் சன்னலில் புத்தகத்தைக் கொடுத்தேன். பண்பாட்டுப் பிரிவு என்று பெயர்ப்பலகை. உள்ளே தாடிக்குள் ரொட்டித் துணுக்கோடு ஓர் இளைஞன். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினான்.

"ஏம்மா, யாரு இந்த ஆளு?"

"கிதார் வாசிச்சுக் காட்டறார். எப்படிப் பிடிக்கணும்னு."

"முடி தோள் வரைக்கும் தொங்குது. கழுத்துல சங்கிலி வேற. இது போகாது."

"பக்கத்தைக் கிழிச்சிட்டாவது விடுங்க தம்பி, உங்க அம்மா நல்லா இருக்கட்டும்."

அவன் ஸ்கேலை வைத்து ஒழுங்காகக் கிழித்தான். மனிதர் கிதாரை மடியில் வைத்திருக்கும் புகைப்படம் போட்ட நான்கு தாள்கள். புள்ளிப் படங்கள் மட்டும் மிஞ்சின. அவன் தப்பாக ஒன்றும் செய்யவில்லை, சட்டத்தைத்தான் செய்தான். நான் நன்றி கூடச் சொன்னேன்.

*

அதன் பிறகு என் மகன் பேச ஆரம்பித்தான்.

"அம்மா, கட்டில் பலகை ஒண்ணு உடைஞ்சு கிடந்துச்சு. புத்தகத்துல இருக்கற மாதிரியே ஆறு கோடு போட்டேன். மெல்லிசுலேருந்து தடிமன் வரைக்கும். மேல மெல்லிசு, கீழ தடிச்சது."

"சத்தம் எப்படிடா வரும்?"

"மனசுக்குள்ள கேக்கும்."

"விரல் வலிக்குதா?"

"வலிக்கணும்னு போட்டிருக்கு, பாடம் ரெண்டுல." சிரித்தான். சிறைக்குப் போன பிறகு முதல் தடவையாக அவன் முன்பல்லைப் பார்த்தேன்.

அவனுக்குக் கம்பி எது மேலே, எது கீழே என்று எப்படித் தெரியும்? எனக்கும்தான் எப்படித் தெரியும்? எங்கள் வீட்டில் டிஷ் கிடையாது. சர்க்கார் டிவியில் பாட்டு வந்தாலும் வாத்தியத்தைக் காட்டத் தடை. ரோஜாப்பூவைக் காட்டுவார்கள், அருவியைக் காட்டுவார்கள், ஒரு கொக்கு பறக்கும். கிதார் சத்தம் கேட்டு வளர்ந்த பிள்ளைதான். கிதாரை அவன் பார்த்ததெல்லாம் கடைக் கண்ணாடிக்குள் தொங்கும்போது, தெருவின் எதிர்ப்பக்கத்திலிருந்து.

வாராவாரம் ஒரு பாடம். கண்ணாடியில் விரலை வைத்துக் காட்டுவான். "இது 'தோ'ங்கற பிடி. இது 'லா'. மாறும்போது மோதிர விரல் அடம் பிடிக்குது அம்மா, உன் தம்பி மாதிரி." என் தம்பி ரஹீம் என் பக்கத்தில் நின்று, "என்னைப் பத்தி என்ன சொல்றான்?" என்பான்.

குளிர்காலம் முடியும்போது முப்பத்திரண்டாவது பாடத்தில் இருந்தான். நோரூஸ் புத்தாண்டுக்கு ஐந்து நாள் விடுப்பு உண்டு என்று சொன்னார்கள். ரஹீம் தன் வீட்டுப் பத்திரத்தை ஜாமீனாகக் கொண்டுபோய் வைத்தான்.

"அம்மா, ஒரு கிதார் வாங்கி வை. பழசா இருந்தாலும் பரவாயில்ல. வருஷம் திரும்பற நேரத்துல நான் வாசிக்கறேன். நீ எனக்குப் பாடுவியே, அந்தத் தாலாட்டு. முழுக்கப் பிடி கண்டுபிடிச்சிட்டேன்."

*

நஸீரியிடம் நல்ல செய்தியாகத்தான் சொல்லப் போனேன்.

"ஐயா, பட்டாளத்துக்காரன் லீவுல வர்றான். முப்பத்திரண்டு பாடம் முடிச்சிட்டான். அதுக்கு அடுத்த புத்தகம் இருக்கா?"

"எதுக்கு அடுத்தது?"

"அதான், நாற்பது பாடம். புள்ளி புள்ளியா."

அவர் கையிலிருந்த தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அந்தப் புத்தகமா? அதை அப்பவே திருப்பி அனுப்பிட்டேனேம்மா. ஊரே சிரிச்சுது. வெளிநாட்டுப் புத்தகம் இடப்பக்கத்துலேருந்து திறக்கும், நம்ம எழுத்து வலமிருந்து இடமாப் போறதால நம்மளது வலப்பக்கத்துலேருந்து. அச்சுக்கூடத்துல ஒரு மகாபுத்திசாலி, பக்கத்தைத் திருப்பற சாக்குல படத்தையும் சேர்த்துத் திருப்பிட்டான். கண்ணாடியில பார்க்கற மாதிரி. ஒரு பிடி கூடச் சரியில்ல. இடது வலதாகி, மேல கீழாகி..."

சொல்லிக்கொண்டே வந்தவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார்.

"ஏங்க, பட்டாளத்துல கிதார் தெரிஞ்சவன் ஒருத்தனாவது இருப்பானே? சத்தம் கேட்டா அவனுக்கே தெரிஞ்சிருக்குமே? முப்பத்திரண்டு பாடம் எப்படி..."

"அவன்கிட்ட கிதார் இல்ல. பலகைதான்."

"பட்டாளத்துல பலகையா?"

"அவன் பட்டாளத்துல இல்ல நஸீரி ஐயா."

அவர் எழுந்து கடைக் கதவைச் சாத்தினார். எனக்கு ஒரு முக்காலி போட்டார். வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள். "மூடியாச்சு!" என்று கத்தினார்.

"நான் பிரிச்சுப் பார்த்திருக்கணும்."

"நீங்க மூணு பாகம்னுதான் சொன்னீங்க. நான்தான் கேக்கல."

"சொல்லிடுங்க. அடுத்த வியாழன் சொல்லிடுங்க. புதுப் புத்தகம் நான் தர்றேன், இந்தத் தடவை உண்மையாவே காசு வேண்டாம்."

"சொன்னா மறுபடியும் பல்பைத் தூளாக்கித் தின்னுடுவான்."

அவருக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. பிறகு எழுந்து, "வாங்க, ஓஷின்கிட்டப் போவோம்" என்றார்.

உஸ்தா ஓஷின் அதே சந்தின் கடைசியில் வாத்தியம் பழுது பார்க்கிற ஆர்மீனியர். என் வயது இருக்கும். நஸீரி விஷயத்தைச் சொல்லச் சொல்ல, மேஜை மேல் கிடந்த மரத்தூளில் விரலால் ஆறு கோடு இழுத்தார்.

"இதோ பாருங்க, இதுதான் 'தோ'. மூணு புள்ளி. படி மாதிரி, இடப்பக்கமா இறங்கும். உங்க பையன் புத்தகத்துல அதே படி வலப்பக்கமா இறங்குது." இன்னொரு மூன்று புள்ளி வைத்தார். "அவன் கையை மாத்த முடியலேன்னா கிதாரைத்தான் மாத்தணும். தடிச்ச கம்பியைக் கீழயும் மெல்லிசை மேலயும் கட்டணும். தலைப்பக்கத்து எலும்புப் பட்டையில கம்பி உட்காரக் காடி வேற வெட்டணும்."

"கட்டினா சரியா வருமா?"

"அவன் விரலுக்குச் சரியா வரும். குரல் கொஞ்சம் அடைச்சிருக்கும், உள்ள இருக்கற மரமெல்லாம் அந்தப் பக்கத்துக்குப் பார்த்து வெச்சது. ஆனா உலகத்துல வேற ஒரு கிதாரும் அவனுக்கு ஆகாது. வேற ஒருத்தனும் இதை வாசிக்க முடியாது."

"அஞ்சு நாளைக்குத்தான் உஸ்தா."

"அஞ்சு நாளைக்கு அப்புறம்?"

"அஞ்சு நாளைக்குக் கட்டுங்க."

அவர் மரத்தூளை ஊதித் தள்ளினார். "அம்மாக்கள் கேட்டுத்தான் நான் ரொம்ப மோசமான வேலையெல்லாம் செஞ்சிருக்கேன்" என்றார்.

*

அந்தத் தடவை புது வருஷம் சாயங்காலம் நான்கு மணிக்குப் பிறந்தது. மேஜையில் முளைவிட்ட கோதுமை, பூண்டு, வினிகர், ஆப்பிள், தங்கமீன். பர்ஹாம் குளித்துவிட்டு என் கணவரின் பழைய சட்டையில் உட்கார்ந்திருந்தான். சட்டை தோளில் தொளதொளத்தது. மடியில் கிதார். வீட்டுக்கு வந்ததிலிருந்து அவன் அதை மீட்டவில்லை. வருஷம் பிறந்ததென்று டிவியில் பீரங்கி வெடித்த பிறகுதான் என்று பிடிவாதம்.

அவன் கம்பிகளைக் குனிந்து பார்த்தபோது நான் மேஜைத் துணியின் சுருக்கத்தை நீவிவிட்டேன்.

"மேல மெல்லிசு, கீழ தடிச்சது" என்றான். "என் பலகை மாதிரியே இருக்கு அம்மா."

"ஆமாண்டா."

டிவியில் பீரங்கி வெடித்தது. ரஹீம் எல்லாரையும் முத்தமிட்டான். பர்ஹாம் கையை வைத்தான். முதல் பிடி சரியாக விழுந்தது. இரண்டாவது. மோதிர விரல் தடுமாறி, பிறகு வந்தது. நான் அவனுக்குப் பாடிய தாலாட்டு, கொஞ்சம் அடைத்த குரலில், ஜலதோஷம் பிடித்தவன் பாடுகிற மாதிரி. ரஹீம் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டான்.

"இதேதான் அம்மா" என்றான் பர்ஹாம். "மனசுக்குள்ள கேட்டது இதேதான். நான் பைத்தியமாகல. பார்த்தியா, நான் பைத்தியமாகல."

அவனைக் கட்டிக்கொண்டேன். எவ்வளவு பெரிய பொய்யையும் தாங்கலாம் என்று அப்போது நினைத்தேன்.

மறுநாள் கீரைச்சோறும் மீனும் பரிமாறிக்கொண்டிருக்கும்போது சொன்னான்: "பதினோரு பேர் கத்துக்கறாங்க."

"யாரு?"

"உள்ளதான், என்கிட்ட. கேக் சுத்தி வர்ற எண்ணெய்த்தாள் இருக்கு பாரு, அதைப் புத்தகத்து மேல வெச்சு ஒவ்வொருத்தனுக்கும் படம் வரைஞ்சு கொடுத்திருக்கேன். எல்லார்கிட்டயும் பலகை. கட்டில்ல பலகையே மிச்சமில்ல. ராத்திரி திரும்பிப் படுத்தா கீழ இருக்கறவன் மேல விழறோம்."

ரஹீம் சிரித்தான். நான் மீன்முள்ளை எடுத்துக்கொண்டே இருந்தேன்.

"யதொல்லான்னு ஒரு லாரிக்காரர் அம்மா. விரல் ஒவ்வொண்ணும் வெள்ளரிக்காய். ஒரு விரலை வெச்சா ரெண்டு கம்பியை மூடிடும். 'தம்பி, எனக்கு ஒரே ஒரு பிடி போதும், என் பொண்ணுக்கு வாசிச்சுக் காட்டணும்'ங்கறார். எட்டு மாசமா 'தோ'விலேயே நிக்கறார்."

"எப்ப வெளிய வர்றார்?"

"அவர் வரமாட்டார். அவர் மேல தூக்கு இருக்கு." ரொட்டியைப் பிய்த்தான். "மனு போட்டிருக்காங்க. பார்க்கலாம்."

ரஹீம் தண்ணீர்க் கோப்பையை அவன் பக்கம் நகர்த்தினான். பிறகு அவனே சொன்னான்: "நல்ல சேதி ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். யாரோ ஒரு தர்மவான் எங்க பிரிவுக்கு நிஜ கிதார் தர்றாராம். லீவு முடிஞ்சதும் வருது. மேலதிகாரி எல்லார் முன்னாடியும் நான்தான் முதல்ல வாசிக்கணும்னு சொல்லியிருக்கார். வாத்தியாராச்சே நான்."

அதற்குப் பிறகு மூன்று நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. சொன்னால் அவன் உடைவான். சொல்லாமல் அனுப்பினால், பதினோரு பேர் கண் முன்னால், அதிகாரி கண் முன்னால், நிஜமான கிதாரில் கையை வைப்பான். உள்ளே ஒருவனுக்குப் பேர் போய்விட்டால் என்ன ஆகும் என்று பார்வையாளர் வரிசையில் நிற்கிற எல்லாத் தாய்மாருக்கும் தெரியும். மூன்று நாளும் அவன் வாசித்தான். நான் கேட்டேன், கைதட்டினேன்.

ஐந்தாம் நாள் வாடகைக் காரில் போனோம். சிறைவாசலுக்கு இருநூறு அடி முன்னால் இறங்கினோம்.

"பர்ஹாம், ஒரு நிமிஷம் நில்லு. அந்தக் கிதாரை நீ வாசிக்காதே."

"எந்தக் கிதார்?"

"வரப்போகுதே, அது. அதுல தடிச்ச கம்பி மேல இருக்கும்."

"எதுக்கு மேல இருக்கும்?"

"எல்லாக் கிதார்லயும் மேலதான்டா இருக்கும். புத்தகம் தப்பு. அச்சுக்கூடத்துல படத்தைத் திருப்பிட்டாங்க. நம்ம வீட்டுல இருக்கறதை நான் மாத்திக் கட்டச் சொன்னேன்."

அவன் முதலில் சிரித்தான். பிறகு தன் இடது கையைத் தூக்கிப் பார்த்தான். விரல்நுனி நான்கும் பலகை தேய்த்துத் தேய்த்துக் காய்த்துப் போயிருந்தன.

"எப்பத் தெரியும் உனக்கு?"

"மூணு வாரம் முன்னாடி."

"மூணு வாரம். மூணு வியாழக்கிழமை நான் கண்ணாடியில விரலை வெச்சுக் காட்டினேன். நீ தலையாட்டினே."

"நீ மறுபடியும் அந்தப் பல்பு... நான் என்னடா செய்வேன்? உனக்குப் பலியாப்..."

"அதைச் சொல்லாதே." குரலை உயர்த்தவில்லை. "கைதட்டினியே அம்மா, நேத்து."

பைக்குள்ளிருந்து புத்தகத்தை எடுத்து என் கையில் வைத்தான். கதவு வரைக்கும் நடந்து போனான். திரும்பிப் பார்க்கவில்லை.

*

அடுத்த வியாழன் அவன் பார்வையாளர் கூண்டுக்கு வரவில்லை. நஸீரி கொடுத்த மூன்று பாகத்தில் முதல் பாகத்தைச் சன்னலில் நீட்டினேன். தாடிக்கார இளைஞன் உள்ளே கேட்டுவிட்டு வந்தான்.

"வாங்க மாட்டேங்கறான்மா."

"உயிரோட இருக்கானா தம்பி?"

"இருக்கான், இருக்கான். சாப்பிடறான். நீங்க போங்க."

அதற்கு அடுத்த வியாழனும் வரவில்லை. மூன்றாவது வியாழன் வந்தான். தலையை மொட்டையடித்திருந்தார்கள். உட்கார்ந்தான். தொலைபேசியை எடுக்க வெகுநேரம் ஆயிற்று.

"சாப்பிட்டியா?" என்றேன்.

"ம்."

"கிதார் வந்துச்சா?"

"வந்துச்சு. எனக்கு வாசிக்கத் தெரியாதுன்னு மேலதிகாரிகிட்டச் சொல்லிட்டேன். சுவத்துல மாட்டியிருக்காங்க. யாரும் தொடறதில்ல."

"பசங்க?"

"கண்ணாடி வாத்தியார்னு பேர் வெச்சிருக்காங்க. என்னைப் பார்த்தா எல்லாரும் பின்பக்கமா நடந்து காட்டறாங்க." அதில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. "பலகை எல்லாத்தையும் கட்டில்ல போட்டாச்சு. இப்ப யாரும் விழறதில்ல."

"பர்ஹாம், என்னை..."

"யதொல்லா போயிட்டார்."

"எங்க?"

அவன் தொலைபேசியை அடுத்த காதுக்கு மாற்றிக்கொண்டான். எனக்குப் புரிந்தது.

"நான் உள்ள போன மூணாம் நாள். தனி அறைக்கு மாத்தறதுக்குக் கூப்பிட வந்தாங்க. அப்படிக் கூப்பிட்டா என்னன்னு எல்லாருக்கும் தெரியும். அப்ப நான் யார்கிட்டயும் இன்னும் சொல்லல. எப்படிச் சொல்றதுன்னு யோசிச்சுட்டு இருந்தேன். அவர் செருப்பைப் போட்டுக்கிட்டு, தாளை எடுத்துக்கிட்டு என்கிட்ட வந்தார். பலகையில விரலை வெச்சார். எட்டு மாசத்துல முதல் தடவை அம்மா, ரெண்டு கம்பியை மூடாம, ஒவ்வொரு விரலும் அதது எடத்துல. 'பாரு தம்பி, இப்பச் சரிதானே'ன்னார்."

நான் தொலைபேசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"சரின்னேன்" என்றான். "கைகூடத் தட்டினேன்."

காவலர் ஒருவர் பின்னால் நடந்து போனார். கூண்டு முழுக்க மற்ற தாய்மாரின் குரல்.

"தாளை என்கிட்டக் கொடுத்துட்டுப் போனார். பொண்ணுகிட்ட சேர்க்கச் சொல்லி." சட்டைப் பையிலிருந்து மடித்த எண்ணெய்த்தாளை எடுத்தான். பிரித்து, கண்ணாடிக்கு அருகில், வரைந்த பக்கம் தன்னைப் பார்க்கும்படி பிடித்துக்கொண்டு அதையே பார்த்தான். "என்னன்னு சொல்லி அனுப்பறது? உன் அப்பா கடைசியில கத்துக்கிட்டது தப்புன்னா?"

அவன் தலைக்குப் பின்னால் குழல்விளக்கு எரிந்தது. எண்ணெய்த்தாள் வழியே வெளிச்சம் வந்தது. ஆறு கோடு, மூன்று புள்ளி. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். உஸ்தா ஓஷின் மரத்தூளில் வைத்த முதல் மூன்று புள்ளி மாதிரி, படி இடப்பக்கமாக இறங்கியது.

"பர்ஹாம், அசையாதே. அப்படியே பிடி."

"என்ன?"

"நான் இருக்கற பக்கத்துலேருந்து அது சரியா இருக்கு."

அவன் என்னைப் பார்த்தான். இன்னொரு பொய் என்றுதான் நினைத்திருப்பான்.

"சத்தியமாடா. எனக்கு 'தோ' ஒண்ணுதான் தெரியும், ஓஷின் காட்டினார். இடப்பக்கமா இறங்கணும். இங்கிருந்து இடப்பக்கமாத்தான் இறங்குது. மத்ததும் அப்படித்தான் இருக்கணும். தாளைத் திருப்பு, விளக்குக்கு நேரா பின்பக்கமாப் பாரு."

அவன் தாளைத் திருப்பவில்லை. தலையைத் திருப்பிப் பின்னால் இருந்த விளக்கைப் பார்த்தான். பிறகு திருப்பினான். தலையை ஒருபக்கம் சாய்த்துப் பார்த்தான். வாய் ஏதோ சொல்லிற்று. அதற்குள் நேரம் முடிந்து எல்லாத் தொலைபேசியும் ஒரே சமயத்தில் செத்துப் போயின. அவன் சொன்னது எனக்குக் கேட்கவில்லை.

காவலர் எழுந்திருக்கச் சொன்னார். பர்ஹாம் எழுந்திருக்கவில்லை. தாளை வலது கையில் பின்பக்கமாகப் பிடித்துக்கொண்டு, இடது கையின் மூன்று விரல்களைக் கண்ணாடிக்குக் கீழே இருந்த மரவிளிம்பில் வைத்தான். வலப்பக்கமாக இறங்கின. எடுத்தான். தாளைப் பார்த்தான். மறுபடி வைத்தான். எட்டு மாதப் பழக்கம் விரல்களை அதே இடத்துக்குத்தான் கொண்டு போனது.

காவலர் அவன் தோளைத் தொட்டார். அவன் கையை எடுத்துவிட்டு மூன்றாவது தடவையாக வைக்கப் போனபோது, என் பக்கத்துக் கதவைத் திறந்து என்னை வெளியே அனுப்பினார்கள்.